சிரித்தால் தெரியும் பல்லும் தெரியாத பல்லும்

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோட்டில் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது பல்லுக்கு கிளிப் போட்டேன். கீழ் முன்பற்களின் உள்பக்கம் அப்போது ஒட்டிய மெல்லிய கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு வருடமாக, இடது பக்கம் மேலே சிங்கப்பல்லும் அதற்கு அடுத்த பல்லும் நீளமாகத் தெரிகின்றன. ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. கீழே நடுவில் ஒரு பல்லுக்கும் ஈறு இறங்கியிருக்கிறது. ஆனால் உதடு மறைப்பதால் அது வெளியே தெரியாது, கூச்சமும் இல்லை. பிரஷ் பட்டால் எரியும், சில நாள் ரத்தம் வரும், அவ்வளவுதான். போன மாதம் கிளீனிங் செய்த பிறகு இன்னும் இறங்கிவிட்டது போல இருக்கிறது. மேல் அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஈறில் வைத்துத் தைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். நினைத்தாலே பயமாக இருக்கிறது. விலங்குத் தோலில் செய்த பொருளையும் வைப்பார்களாமே, நாங்கள் சைவம். நல்லெண்ணெய் கொப்பளித்தால் ஈறு தானாக வளரும் என்கிறார் அம்மா. இரண்டு மாதத்தில் தங்கைக்குக் கல்யாணம். மேல் பற்களை மட்டுமாவது அதற்குள் சரி செய்துகொள்ளலாமா? கீழே உள்ளதை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று செல்போன் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தை வைத்து வைத்தியம் சொல்ல முடியாது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுகோல் விட்டுப் பார்க்காமல், எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது. ஆனாலும் கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதே நிறையச் சொல்கிறது. என் கருத்து உங்கள் எண்ணத்துக்கு நேர் எதிராக இருக்கிறது: மேலே உள்ளவை காத்திருக்கலாம், கீழே உள்ளதை விடக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் கிளீனிங் விஷயத்தை முடித்துவிடுவோம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லாமல் போவதில்லை. கிளீனிங் ஈறைக் கீழே தள்ளாது. காரை படிந்த பல்லைச் சுற்றி ஈறு வீங்கிச் சிவந்திருக்கும். அந்த வீக்கம் பல்லின் கழுத்தை மூடிக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி, ஈறு உண்மையில் எங்கே இருந்ததோ அங்கே போய் உட்கார்ந்துவிடும். பற்களுக்கு நடுவே சிமெண்ட் பூசியது போல அடைத்திருந்த காரையும் போய்விடுவதால் சந்து தெரியும், பல் நீண்டது போல இருக்கும். ஏற்கெனவே நடந்துவிட்ட இறக்கம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. இதற்குப் பயந்து கிளீனிங்கையே நிறுத்தியவர்கள் ஐந்தாறு வருடம் கழித்து ஆடும் பல்லோடு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மேல் பற்கள். நீங்கள் எழுதுவது வலது கையால்தானே? வலது கைக்காரர்களுக்கு இடது பக்கச் சிங்கப்பல்லிலும் அதை ஒட்டிய பல்லிலும் ஈறு விலகிப்போவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி. பல்வரிசை வளைகிற மூலையில் சிங்கப்பல் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கிறது. வலது கையில் பிடித்த பிரஷ் முதலில் போய் முழு வேகத்தோடு இடிப்பது அந்த மூலையில்தான். படத்தில் சிங்கப்பல்லின் கழுத்தில் கோடரியால் கொத்தியது போல ஒரு சிறு வெட்டும் தெரிகிறது. அது சொத்தை மாதிரி எனக்குத் தோன்றவில்லை, தேய்மானம். கடினமான பிரஷ்ஷைப் பக்கவாட்டில், ரம்பம் இழுப்பது போல இழுத்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் பிரஷ்ஷை ஒரு தடவை பாருங்கள். வாங்கி ஒரு மாதத்திலேயே நார்கள் இருபக்கமும் விரிந்து, பழைய துடைப்பம் போல ஆகிவிட்டதென்றால் சந்தேகமே வேண்டாம்.

சுரீர் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பல்லின் தலையை மூடியிருக்கும் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் அது ஈறு ஓரத்தோடு நின்றுவிடும். ஈறுக்குள் மறைந்திருக்க வேண்டிய வேருக்கு அந்தக் கவசம் கிடையாது, மயிரிழையை விட மெல்லிய ஒரு பூச்சுதான் உண்டு. வேர் வெளியே வந்த சில மாதங்களில் பிரஷ் அதைத் தேய்த்து எடுத்துவிடும். அதற்கு அடியில் உள்ள பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். சில்லென்று ஏதாவது பட்டதும் அந்தத் திரவம் அசைகிறது, உள்ளே இருக்கும் நரம்பு அதைக் கூச்சமாக உணர்கிறது.

இந்தக் கூச்சத்துக்கு அறுவை சிகிச்சை முதல் மருந்தல்ல. பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பேஸ்ட் எதுவானாலும் சரி, நான்கு வாரம் விடாமல் போடுங்கள். நான்கே நாள் போட்டுவிட்டு ‘கேட்கவில்லை டாக்டர்’ என்று வருகிறவர்கள்தான் அதிகம். பல் துலக்கியதும் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துப் பேஸ்ட்டை மொத்தமாகக் கழுவிவிடாதீர்கள். துப்பிவிட்டு, கொஞ்சம் பேஸ்ட்டை விரலில் எடுத்து அந்த இரண்டு பற்களின் கழுத்தில் தடவி விட்டுவிடுங்கள். அதிலும் குறையாவிட்டால் ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

பிரஷ்ஷை மாற்றுங்கள். கடைக்காரர் மீடியம் எடுத்துக் கொடுப்பார், சாஃப்ட் கேட்டு வாங்குங்கள். கரண்டியைப் பிடிப்பது போல முஷ்டியில் பிடிக்காமல், கரும்பலகையில் எழுதச் சாக்பீஸைப் பிடிப்பீர்களே, அப்படி விரல்நுனியில் பிடியுங்கள். அந்தப் பிடியில் அழுத்த நினைத்தாலும் முடியாது. நாரை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, ஈறிலிருந்து பல்லை நோக்கி உருட்டிக் கொண்டுவர வேண்டும். அதாவது மேல் பல்லுக்கு மேலிருந்து கீழாக, கீழ்ப் பல்லுக்குக் கீழிருந்து மேலாக. எலுமிச்சை ஜூஸ், புளிப்பான பழம் என்று ஏதாவது சாப்பிட்ட கையோடு பல் துலக்காதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும். கரிப்பொடி, உப்புக்கல், சொரசொரப்பான பற்பொடி எதுவும் வேண்டாம். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குச்சியை நன்றாக மென்று, நுனியைப் பஞ்சாக்கிய பிறகுதான் தேய்த்தார்கள்.

நல்லெண்ணெய் பற்றி அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, வாய் சுத்தத்துக்குக் கொஞ்சம் உதவவும் செய்யலாம். இறங்கிய ஈறை அது மீண்டும் ஏற்றாது. வளர்ந்தவர்களுக்கு ஈறு ஒரு தடவை வேரை விட்டு விலகிவிட்டால், எண்ணெயாலோ மாத்திரையாலோ ஈறு மசாஜாலோ தானாகத் திரும்பி வருவதில்லை. இறக்கத்தை அப்படியே நிறுத்தி வைக்கலாம். மூட வேண்டுமானால் திசுவை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

ஆக, மேல் பற்களில் காரணம் தெரிகிறது, அதை நிறுத்தவும் முடியும், கூச்சத்துக்கு எளிய வழியும் இருக்கிறது. அங்கே ஈறு கெட்டியாக, வெளிர்ச் சிவப்பாக, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருப்பதும் படத்தில் தெரிகிறது. அது நல்ல ஈறு. எட்டு மாதம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இன்றைக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் இன்னொன்று. அதே இடத்தில் நின்றிருந்தால் அறுவை சிகிச்சை உங்கள் விருப்பம், கட்டாயமல்ல. அழகுக்காகச் செய்துகொள்வது தவறு என்று சொல்லவில்லை. சிரிக்கும்போது கை தானாக வாயை மறைக்கிறது என்றால் அதுவும் நியாயமான காரணம்தான்.

கீழ்ப் பல் கதை வேறு. கூச்சம் இல்லை, யாருக்கும் தெரியாது என்று அதை ஒதுக்கிவிட்டீர்கள். அதே கடிதத்தில் பிரஷ் பட்டால் எரிகிறது, ரத்தம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான்.

கண்ணாடி முன் நின்று கீழ் உதட்டை மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். மற்றப் பற்களைச் சுற்றி வெளிர் நிறத்தில், எலும்போடு இறுகி, அசையாத ஒரு பட்டை இருக்கும். அதற்கும் கீழே சிவந்த, தளர்வான, உதட்டோடு சேர்ந்து ஆடுகிற தோல். அந்த அசையாத பட்டைதான் ஈறு. கீழே ஆடுவது கன்னத்தின் உள்தோல் மாதிரி ஒன்று, பிரஷ்ஷின் உரசலைத் தாங்குவதற்கு ஏற்பட்டதல்ல. உங்கள் படத்தில் அந்த ஒரு பல்லுக்குக் கீழே பட்டையே இல்லாதது போலத் தெரிகிறது. உதட்டிலிருந்து வரும் சதை மடிப்பும் நேராகப் பல்லின் ஓரத்தில் வந்து பிடித்திருக்கிறது. பேசும்போதும் சிரிக்கும்போதும் அது ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். பிரஷ் பட்டால் எரிகிறது, எரிவதால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குகிறீர்கள், விடுவதால் அழுக்கு சேர்கிறது, அழுக்கு சேர்வதால் ஈறு வீங்கி ரத்தம் வருகிறது, அப்புறம் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. இந்தச் சுற்றைப் பிரஷ்ஷை மாற்றி மட்டும் உடைக்க முடியாது.

குறைந்தது 2 மில்லிமீட்டர் அகலத்துக்காவது அந்தக் கெட்டிப் பட்டை வேண்டும் என்று 1972இல் லாங், லோ என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பட்டை குறைவாக இருந்தாலும் சுத்தமாக வைத்திருந்தால் பல் நிலைக்கும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டியதும் உண்மை. அதனால்தான் பட்டை குறுகலாக இருக்கிற எல்லோரையும் நாங்கள் அறுவைக்கு அனுப்புவதில்லை. உங்கள் விஷயத்தில் சுத்தமாக வைத்திருக்கவே முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. இத்தாலியில் ஒரே ஆட்களின் வாயில் அண்ணத்துச் சதையை ஒட்டாக வைத்த பல்லையும் வைக்காத எதிர்ப்பக்கப் பல்லையும் 18 முதல் 35 வருடம் வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வைத்த இடங்களில் ஈறு நின்றது, பலவற்றில் கொஞ்சம் ஏறவும் செய்தது. வைக்காத இடங்களில் கணிசமானவை மேலும் இறங்கின.

அப்படியானால் உடனே கீழ்ப் பல்லுக்கு அறுவையா? இல்லை, அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் கம்பி.

கிளிப் கழற்றியபின் பற்கள் திரும்பக் கோணாமல் இருக்க உள்பக்கம் ஒட்டிவிடும் கம்பி அது. பெரும்பாலும் சாதுவாக இருக்கும். சில வாய்களில், வருடங்கள் போகப் போக, கம்பி எங்கோ வளைந்தோ முறுக்கிக்கொண்டோ தானே ஒரு கிளிப்பாக வேலை செய்யத் தொடங்கிவிடும். பல்லின் தலை வரிசையில் ஒழுங்காக நிற்கும், வேர் மட்டும் மெல்ல மெல்ல உதட்டுப் பக்கம் சாய்ந்து எலும்பை விட்டே வெளியே வந்துவிடும். கீழ் முன்பற்களை மூடியிருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. எலும்பு போன இடத்தில் ஈறும் நிற்காது. பக்கத்துப் பற்களுக்கெல்லாம் ஈறு நன்றாக இருந்து, நடுவில் ஒன்றுக்கு மட்டும் இறங்கியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கம்பி மேல்தான் முதல் சந்தேகம். கிளிப் போட்டபோதே அந்தப் பல் முன்னால் தள்ளப்பட்டிருக்கவும் கூடும்.

அதனால் இந்த மாதமே ஒரு கிளிப் டாக்டரிடம், அதாவது பற்சீரமைப்பு நிபுணரிடம், போய்க் கம்பியைக் காட்டுங்கள். கம்பி தள்ளிக்கொண்டிருந்தால் அதை எடுக்க வேண்டும். சில நேரம் சில மாதம் கிளிப் போட்டு வேரை எலும்புக்குள் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டியிருக்கும். வேர் உள்ளே போனாலே ஈறு கொஞ்சம் தேறுவதைப் பார்க்கலாம். இதைப் பார்க்காமல் ஒட்டு வைப்பது, குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. நானே ஆரம்ப காலத்தில் ஒரு கல்லூரி மாணவருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். அழகாகப் பிடித்தது, ஒன்றரை வருடத்தில் மறுபடியும் இறங்கியது. அன்றிலிருந்து பல்லின் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் சிறு கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்தைப் பார்க்கிறேன்.

சரி, கம்பி பார்த்தாயிற்று, பல் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்த அறுவை என்னதான் செய்கிறது?

ஒட்டு மாங்கன்று கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈறு ஒட்டும் ஏறக்குறைய அதேதான். வெட்டி எடுத்த திசுவுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் இல்லை. முதல் இரண்டு நாள், வைத்த இடத்தில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் அது உயிரோடு இருக்கிறது. அதற்குள் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதற்குள் நுழையத் தொடங்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஓட்டம் ஓரளவு நிலைப்படும். கன்றில் கட்டிய ஒட்டை யாராவது தினமும் ஆட்டிப் பார்த்தால் பிடிக்குமா? இங்கும் அசைவுதான் முதல் எதிரி. இன்னொரு சிக்கலும் உண்டு. வேர் என்பது பாறை மாதிரி, அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கிடைக்காது. வேரின் மேல் படுத்திருக்கும் ஒட்டுக்குப் பக்கங்களிலிருந்தும் மேலே மூடும் ஈறிலிருந்தும்தான் சாப்பாடு வந்தாக வேண்டும். பல்லுக்குப் பல் நடுவே இருக்கும் எலும்பும் ஈறும் எவ்வளவு உயரமாக இருக்கின்றனவோ அவ்வளவு உயரத்துக்குத்தான் வேரை மூட முடியும். ஈறு இறக்கத்தை 1985இல் மில்லர் என்ற ஆய்வாளர் நான்கு வகையாகப் பிரித்ததும், 2011இல் கைரோ என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் அதை மூன்றாகச் சுருக்கியதும் முக்கியமாக இந்த விஷயத்தை வைத்துத்தான். உங்கள் டாக்டரிடம் இதை நேராகக் கேளுங்கள்: “பல்லுக்கு நடுவே எலும்பு முழுசா இருக்கா? எவ்வளவு மூடும்னு எதிர்பார்க்கலாம்?” நூற்றுக்கு நூறு மூடிவிடும் என்று எக்ஸ்ரே எடுக்காமல் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட ‘ஒரே அறுவை’ உண்மையில் இரண்டு வேறு அறுவைகள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கீழ்ப் பல்லுக்கு வேண்டியது கெட்டியான பட்டை. அண்ணத்திலிருந்து மேல்தோலோடு சேர்த்து, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சிறு துண்டைச் சீவி எடுத்து, உதட்டு மடிப்பை அறுத்துவிட்டு, அங்கே பதித்துத் தைப்பார்கள். 1960களிலிருந்து இருந்துவரும் முறை. டயருக்குப் பஞ்சர் ஒட்டியது போலக் கொஞ்சம் வெளிறித் தெரியும், பக்கத்து ஈறோடு நிறம் சேராது. உதட்டுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? இங்கே வேர் முழுவதும் மூடுவது நோக்கமே அல்ல. எரியாமல் துலக்க முடிந்தால் வெற்றி, பாதி வேர் மூடினால் அது கொசுறு.

மேல் பற்களுக்கு வேண்டியது மூடுவதும் நிறம் சேர்வதும். அதற்கு அண்ணத்தின் மேல்தோலை விட்டுவிட்டு, ஒரு சிறு கீறல் வழியாக அடித்திசுவை மட்டும் உருவி எடுத்து, ஈறுக்கு அடியில் செருகி, ஈறை அதன் மேல் இழுத்து மூடித் தைப்பார்கள். 1985இல் லாங்கர் என்று பெயர் கொண்ட இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது இது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எங்கே வைத்தார்கள் என்றே தெரியாது. சிங்கப்பல்லின் வெட்டு எனாமல் வரை வந்திருந்தால், அந்த எனாமல் பகுதிக்குப் பல்நிற ஃபில்லிங்கும் சேர்த்துப் போட வேண்டிவரும். எனாமல் இருந்த இடத்தில் ஈறு ஒட்டாது.

‘தையலே இல்லை, ஊசித் துளை வழியாக ஈறை இறக்குகிறோம்’ என்று இணையத்தில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது இருக்கிற ஈறை நகர்த்துகிற வித்தை. நல்ல கனமான ஈறு இருக்கும் இடத்தில், தேர்ந்த கையில் பலிக்கலாம். நகர்த்த ஈறே இல்லாத உங்கள் கீழ்ப் பல்லுக்கு அது உதவாது.

அண்ணத்தைப் பற்றிய பயம் நியாயமானது. பொய் சொல்ல மாட்டேன், பல்லை விட அண்ணம்தான் அதிகம் படுத்தும். சுடச்சுட பஜ்ஜியைக் கடித்து அண்ணம் வெந்துபோன அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். தோலோடு சீவி எடுத்த இடம் அதே போல, அதைவிடப் பெரிதாக இருக்கும். முதல் நான்கைந்து நாள் கஷ்டம், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தோல் மூடிவிடும். அடித்திசு மட்டும் எடுத்தால் மேல்தோலைத் திரும்ப மூடித் தைத்துவிடுவதால் இதில் பாதி கஷ்டம்தான். அறுவைக்கு முன்பே அண்ணத்துக்கு அளவெடுத்து மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று செய்து தரச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டால் சாப்பாடும் நாக்கும் புண்ணில் படாது. இந்தத் தட்டு இல்லாமல் நான் யாருக்கும் அண்ணத்தில் கத்தி வைப்பதில்லை. அறுவையின்போது வலிக்காது, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்துகொண்டே இருப்பதுதான் அலுப்பு.

சைவம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பலர் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு தெரிந்து வருத்தப்படுகிறார்கள். அண்ணத்துக்குப் பதிலாக வைக்கும் தயார்ப் பொருட்களில் பெரும்பாலானவை பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்த கொலாஜன். சில, தானமாகப் பெற்ற மனிதத் தோலைப் பதப்படுத்திச் செய்தவை. எல்லாம் சுத்திகரிக்கப்பட்டவைதான், ஆனால் மனசு ஒப்பாவிட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எது வைக்கப் போகிறார்கள், எதிலிருந்து செய்தது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். அறுவை முடித்துத் தையலுக்குப் பயன்படுத்தும் நூலில்கூட விலங்குக் குடலிலிருந்து செய்த வகை உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்துச் சுழற்றி, அதில் திரளும் ஜவ்வை வைக்கும் முறையும் இருக்கிறது. அண்ணத்துப் புண் ஆற அது நல்ல உதவி. கீழ்ப் பல்லில் பட்டை உண்டாக்க உங்கள் அண்ணத்துக்கு ஈடு இன்னும் வரவில்லை என்பது என் அனுபவம். அது சுத்த சைவமும்கூட.

கல்யாணத்துக்கு வருவோம். இரண்டு மாதத்தில் மேல் பல்லுக்குச் செய்தால் என்ன ஆகும்? தையல் பிரிக்கவே இரண்டு வாரம். அதுவரை அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது என்பதால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்தைக் கொப்பளிக்கச் சொல்வார்கள். அது பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், கிளீனிங்கில் போய்விடும். ஈறு சிவந்து, தடித்து, மேடு பள்ளமாகச் சில மாதம் இருக்கும். கல்யாண ஆல்பத்தில் அது இன்றைய நீளப் பல்லை விட அழகாக இருக்காது. போதாததற்கு மணப்பெண்ணின் அக்காவுக்கு ஓய்வு எங்கே கிடைக்கும்? அவசரத்துக்கு வேரின் மேல் வெள்ளை ஃபில்லிங் அப்பிக்கொள்ளவும் வேண்டாம். பிறகு ஒட்டு வைக்கும்போது அதைத் தோண்டி எடுக்க வேண்டிவரும். கூச்சப் பேஸ்ட், சாஃப்ட் பிரஷ், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன் ஒரு பாலிஷ் போதும்.

கீழ்ப் பல்லுக்கு, கம்பி டாக்டர் சரி என்று சொன்னால், உங்கள் பள்ளியின் காலாண்டு அல்லது அரையாண்டு விடுமுறையில் தேதி குறியுங்கள். நீங்கள் ஆசிரியை என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அந்த ஒட்டு கீழ் உதட்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் முன்னால் சத்தமாக அல்ஜீப்ரா நடத்தினால் உதடு அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒரு வாரமாவது வாய்க்கு ஓய்வு வேண்டும். தயிர் சாதம், ஆறிய ரசத்தில் ஊறிய இட்லி, கூழ், மசித்த வாழைப்பழம் என்று ஓட்டுங்கள். காரம், சூடு, முறுக்கு, அப்பளம் வேண்டாம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. அண்ணத்தில் ரத்தம் கசிந்தால் திரும்பத் திரும்பக் கொப்பளிக்காதீர்கள், உறைந்த ரத்தம் கரைந்து இன்னும் வரும். ஈரத் துணியை மடித்துக் கால் மணி நேரம் அசையாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். முக்கியமாக, உதட்டை இழுத்துப் பார்க்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் தினமும் காலையில் உதட்டை இழுத்து செல்பி எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆறாம் நாள் படத்தில் ஒட்டு இல்லை. ஒட்டு முதல் வாரம் வெளுத்து, தோல் உரிந்தது போல அசிங்கமாகத்தான் இருக்கும். அழுகிவிட்டதோ என்று பதறாதீர்கள்.

வீட்டில் சர்க்கரை நோய் இருந்தால் உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் எடுத்தால் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ திட்டம் இருந்தாலோ அதையும் மறைக்க வேண்டாம், இது தள்ளிப்போடக் கூடிய அறுவைதான்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். பி.டி.எஸ். முடித்தபின் ஈறு நோய்ப் பிரிவில் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈறு நோய்ப் பிரிவில், பேராசிரியர் மேற்பார்வையில் எம்.டி.எஸ். மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் செய்கிறார்கள். சென்னையில் அரசுக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்திலும்கூட உண்டு. நேரம் கூடுதலாக எடுப்பார்கள், நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள், அதற்குத் தயாராகப் போக வேண்டும். அவசரம் இல்லாததால் கையில் கத்தி நிதானமாக ஓடும் என்பது அதில் ஒரு நன்மை.

கம்பியைக் காட்டப் போகும்போது கிளிப் போட்ட காலத்து எக்ஸ்ரேயும் பல் அச்சும் கிடைக்குமா என்று பழைய கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். பதினைந்து வருடம் ஆகியிருக்கும், தூக்கிப் போட்டிருப்பார்கள். அப்படியானால் கிளிப் கழற்றிய புதிதில், கல்லூரியில் பல் தெரியச் சிரித்த போட்டோ ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கீழ்ப் பற்கள் அன்று எப்படி நின்றன, இன்று எப்படி நிற்கின்றன என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.